உளவு பார்க்காத உலாவி எது? சிதறாலிலிருந்து ஒரு சோதனை

ஆண்ட்ராய்டு ஃபோனில் இருக்கும் குரோம் உலாவியில் எக்ஸ்டென்ஷன் எனப்படும் துணைக் கருவி எதையும் சேர்க்க முடியாது. விமர்சனத்தை இங்கிருந்தே தொடங்குகிறேன். குமரி மாவட்டத்துச் சிதறால் பக்கம் பெரும்பாலோருக்கு இணையம் என்றால் ஃபோன்தான். ஃபோனில் உலாவி என்றால் வாங்கும்போதே உள்ளே இருக்கும் குரோம்தான். நம்மைத் தளத்துக்குத் தளம் பின்தொடரும் டிராக்கர்களைத் தடுப்பதில், என் மதிப்பீட்டில், யூபிளாக் ஆரிஜினை மிஞ்ச ஆளில்லை. ரேமண்ட் ஹில் என்பவர் 2014-இல் தொடங்கி, நன்கொடைகூட வாங்காமல் நடத்திவரும் இலவச எக்ஸ்டென்ஷன் அது. குரோமை விட்டு வெளியே வராத வரை அது நம் ஃபோனுக்குள் வராது.

நடுத்தர விலை ஃபோன் ஒன்றில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ், உலா என நான்கையும் போட்டு, வீட்டில் உண்மையிலேயே தேடுகிற விஷயங்களைத் தேடிப் பார்த்தேன்: அன்றைய ரப்பர் ஷீட் விலை, சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை, நகைக்கடன் வட்டி, மார்த்தாண்டத்திலிருந்து சிதறாலுக்கு பஸ். கடைசித் தேடல் வெளியூர்க்காரர்களுக்காக. எங்கள் ஊர்த் திருச்சாணத்து மலையில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்கள் இப்போது வழி கேட்பது ஃபோனிடம்தான். தடுப்பு எதுவும் இல்லாத நிலையில், தேடி முடித்துவிட்டு வேறு ஏதோ செய்தியைத் திறந்தால், நடுவே கன்னியாகுமரி ஓட்டலும் நகைக்கடனும் ஆஸ்பத்திரியும் வந்து நிற்கின்றன.

ஓட்டல் விளம்பரத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டில் நர்சிங் முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கு என்ன தகுதி வேண்டும் என்று தேடியிருக்கிறாள். அதன்பின் எதைத் திறந்தாலும் மொழிப் பயிற்சி, விசா ஏஜென்சி, கடன். "மாமா, நான் வீட்ல அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல்ல. இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். வேலைக்குத் தவிக்கிறவர், நோயாளி, கடனுக்கு அலைபவர் என்று யாருக்கு அவசரம் அதிகமோ, அவர்களைத் தேடிப் பிடிக்கத்தான் விளம்பரச் சந்தையில் போட்டியும் அதிகம். அந்தப் போட்டியில் நேர்மையான நிறுவனமும் இருக்கலாம், போலி ஏஜென்ட்டும் இருக்கலாம். வெளிநாட்டு வேலையை நம்பி வீடுகள் நடக்கிற குமரி மாவட்டத்தில், இதை நகரத்து ஐ.டி. ஆட்களின் கவலை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பின்தொடர்வதற்கான பழைய வழி குக்கி. 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி அதை உருவாக்கியபோது, நம்மை ஒரு தளம் நினைவில் வைத்துக்கொள்வதற்கு மட்டுமே அது பயன்பட்டது. பிறகு விளம்பர நிறுவனங்கள் ஆயிரம் தளங்களில் தங்கள் குக்கியை நுழைத்து, அத்தனையிலும் நம்மை அடையாளம் காணத் தொடங்கின. ஆப்பிளின் சஃபாரி 2020-இல் இத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுக்க அடைத்தது. கூகுளும் அதே ஆண்டு குரோமிலிருந்து அவற்றை நீக்கப்போவதாக அறிவித்து, 2024-இல் அந்த முடிவைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் கொண்டுவந்த முறையோ, ஊறுகாய்க்கு ஒரு பரணி, உப்புக்கு ஒரு பரணி என்று வைப்பதுபோல ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனியே பூட்டிவிடுகிறது. ஒரு தளத்தில் வைத்ததை இன்னொரு தளத்திலிருந்து எடுக்க வழியில்லை.

அதன்மேல் யூபிளாக்கையும் போட்டால்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. ஃபயர்ஃபாக்ஸ் மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தொட்டு, யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்தால் வேலை முடிந்தது. கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் வேண்டாம். பிறகு ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து, யூபிளாக்கின் பலகையை விரித்துப் பார்த்தேன். செய்தி வந்தது ஒரு முகவரியிலிருந்து. அதோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வரப் பார்த்த வெளி முகவரிகளைப் படித்து முடிக்க, திரையை விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது. விளம்பர இடத்தை ஏலம் விடுபவை, எந்த வரியில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று அளப்பவை, பெயரை வைத்து எதற்கு என்றே ஊகிக்க முடியாதவை. அவற்றில் பெரும்பாலானவை வாசலிலேயே நிறுத்தப்பட்டிருந்தன. ரப்பர்த் தோட்டத்துக்குள் சிக்னல் ஒற்றைக் கோடாக இறங்குகிற இடத்தில்கூட பக்கம் சட்டென்று வந்தது. டேட்டாவும் மிச்சம்.

குறையும் உண்டு. பணம் கட்டும் தளம் ஒன்றில் ஓடிபி கேட்கும் பெட்டி வரவேயில்லை. யூபிளாக் பலகையில் பெரிதாகத் தெரியும் பவர் பொத்தானை அணைத்து, பக்கத்தை மறுபடி ஏற்றியதும் வந்தது. அந்தத் தளத்துக்கு மட்டும்தான் தடுப்பு விலகுகிறது. வீட்டுப் பெரியவர்களுக்குப் போட்டுக் கொடுக்கும்போது இந்தப் பொத்தானையும் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் கரண்ட் பில் கட்டுகிற நாளில் உலாவியையே தூக்கிவிடுவார்கள்.

பிரேவ் உலாவியில் தடுப்பு பிறவியிலேயே இருக்கிறது. மொசில்லாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரெண்டன் ஐக் உருவாக்கியது. நம் திரை அளவு, எழுத்துரு, மொழி, நேர மண்டலம் முதலியவற்றைக் கூட்டி நம்மை அடையாளம் காணும் கைரேகை முறையைக் குழப்பிவிடுவதில் அது கெட்டி. கிரிப்டோ வாலட் போன்ற சமாச்சாரங்கள் கூடவே வருகின்றன. அவற்றைத் தொடாமல் விட்டால் போதும்.

உலா, ஜோஹோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட தமிழ்நாட்டு உலாவி. மத்திய அரசு நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் 2025-இல் முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றது. ஜோஹோவின் வருமானம் மென்பொருள் சந்தாவில், விளம்பரத்தில் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை மதிக்கிறேன். எதையும் மாற்றாமல் அப்படியே பயன்படுத்தும் அம்மா, மாமியாருக்கு இது நல்ல தேர்வு. ஆனால் ஓப்பன் சீசன் என்ற பயன்முறைக்குப் போய்விடாதீர்கள், அங்கே இதன் உள்ளமைந்த தடுப்பு தளர்ந்துவிடும்.

குரோமின் இன்காக்னிட்டோ பயன்முறையை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது நம் ஃபோனில் வரலாற்றை விட்டுவைக்காது, அவ்வளவே. நாம் திறக்கும் தளங்களும் நெட்வொர்க் நிறுவனமும் பார்ப்பது பார்ப்பதுதான். இது தொடர்பாக அமெரிக்காவில் நடந்த வழக்கில், சேகரித்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் 2024-இல் ஒப்புக்கொண்டது.

உலாவியை மாற்றினால் மட்டும் போதாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்குள் ஒரு இணைப்பைத் தொட்டால், அது அந்தச் செயலியின் சொந்த உலாவியில்தான் திறக்கிறது. நம் ஃபயர்ஃபாக்ஸ் அங்கே எட்டிப் பார்க்காது. மூன்று புள்ளியைத் தொட்டு வெளி உலாவியில் திறக்கப் பழகுங்கள். கூகுள் கணக்கின் அமைப்பில் வெப் அண்டு ஆப் ஆக்டிவிட்டியை அணையுங்கள். ஃபோன் அமைப்பில் விளம்பர ஐடியை நீக்குங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் பிரைவேட் டிஎன்எஸ் என்ற வசதியும் இருக்கிறது. அதில் ஆட்கார்டு என்ற விளம்பரத் தடுப்பு நிறுவனத்தின் இலவச முகவரியைக் கொடுத்தால், மற்ற செயலிகளுக்குள் ஒளிந்திருக்கும் டிராக்கர்கள் பலவும் அடைபடும். அப்போது நாம் போகும் தளங்களின் பெயர்கள் அந்த நிறுவனத்துக்குத் தெரியும் என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

சட்டத்தை நம்பிக் காத்திருக்கலாமா என்றால், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் சொன்னார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது; விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அவற்றிலும் நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

என் தீர்ப்பு இது: ஃபயர்ஃபாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும் முதலிடம். கைவேலை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு பிரேவ் அல்லது உலா. எதைப் போட்டாலும், அமைப்புக்குள் போய் அதையே இயல்பு உலாவியாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பெல்லாம் பழையபடி குரோமிலேயே திறக்கும்.