மணிக்கட்டு, முழங்கை, தோள்

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் கிரைண்டிங் வீலை மிஷினில் மாட்டுமுன், தொழில் தெரிந்தவர் அதை விரலில் தொங்கவிட்டு ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் மாட்டலாம். ‘டொப்’பென்று செத்த ஓசை வந்தால் உள்ளே விரிசல், கல் ஓரத்துக்குப் போய்விடும். இந்தக் கைப்பக்குவத்துக்கு ஓர் உடன்பிறப்பு இமயத்துப் பனியில் இருக்கிறது.

பனிச்சரிவு வருமா என்று பார்ப்பவர்கள் முதலில் ஒரு குழி வெட்டுகிறார்கள். குழிச்சுவரில் அந்தக் குளிர்காலம் முழுவதும் அடுக்கடுக்காகத் தெரியும். மேலிருந்து கீழாக ஒவ்வோர் அடுக்கையும் கையால் மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். முஷ்டி நுழைந்தால் மிக மென்மை. அப்புறம் நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி. அளவுகோல் இவ்வளவுதான். பென்சில் முனை மட்டுமே இறங்குகிற கெட்டிப் பலகைக்குக் கீழே முஷ்டி புகும் அடுக்கு ஒன்று அகப்பட்டால், பார்ப்பவர் முகம் மாறிவிடும்.

அந்த அடுக்கில் ஒரு பிடி அள்ளி லென்ஸில் பார்க்க வேண்டும். தரையின் வெதுவெதுப்பு நீராவியாக மேலேறி, பனித்துகளைக் கோடு விழுந்த குட்டிக் கிண்ணங்களாக மாற்றியிருக்கும். கண்ணுக்கு அத்தனை அழகு. ஆனால் அஸ்கா சர்க்கரை போல விரலிடுக்கில் உதிரும், உருண்டை பிடிக்க வராது. அதன்மேல்தான் ஒரு மலைச்சரிவின் பனி மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது தட்டல். 30 சென்டிமீட்டர் சதுரத்தில் பனித்தூண் ஒன்றைச் செதுக்கி, தலையில் மண்வாரியை வைப்பார்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. உடம்பின் மூன்று மூட்டுகளே மூன்று படிக்கற்கள்! எத்தனையாவது தட்டில் உடைந்தது என்பதோடு, எப்படி உடைந்தது என்பதையும் குறித்துக்கொள்வார்கள். மேசை டிராயரை இழுத்தாற்போல வழவழவென்று நழுவி வந்தால் ஆபத்து அதிகம். கரடுமுரடாகப் பிட்டுக்கொண்டு வந்தால் அச்சம் சற்றுக் குறைவு. 2006-இல் பனிச்சரிவு ஆய்வாளர்கள் ரான் சிமென்ஹாய்ஸும் கார்ல் பிர்க்லேண்டும் அந்தத் தூணை 90 சென்டிமீட்டருக்கு நீட்டினார்கள். ஒரு முனையில் தட்டினால் விரிசல் மறுமுனைவரை ஓடுகிறதா? பனிச்சரிவின் சூட்சுமமே அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது.

பனிச்சரிவை ஆராயவென்றே நம் நாட்டில் 1969-இல் மணாலியில் ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. பனிமலை நமக்கும் தூரமில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் புதையுண்ட மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் 10 பேரில் நால்வர் தமிழ்நாட்டவர். அன்று இடிந்து விழுந்தது பனிக்கட்டிச் சுவர். எந்தத் தட்டலுக்கும் அது எட்டாது.

இந்தத் தட்டல் சோதனையில் நான் உச்சமாக மதிப்பது அதைச் செய்பவரின் அடக்கம். கெட்ட பதில் வந்தால் உடனே நம்பித் திரும்பிவிடுவார். நல்ல பதிலை மட்டும் முழுதாக நம்பமாட்டார். பத்தடி தள்ளிப் பனி வேறாக இருக்கலாம். அம்பத்தூர்க்காரரும் அப்படித்தான். கல் கணீரென்று ஒலித்த பிறகும், மாட்டி ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் ஒதுங்கி நிற்பார்.