நோயாளியின் டயறி எங்கே?

வைத்தியர்கள் எழுதிய தமிழுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. 'நந்தி' என்ற பெயரில் எழுதிய பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம் ஒரு வைத்தியர். 'ஊர் நம்புமா?' என்ற அவரது சிறுகதைத் தொகுதி 1966இல் வெளிவந்தது. எம். கே. முருகானந்தன் 'ஒரு டாக்டரின் டயறியிலிருந்து' என்று நூலே தந்தார். இருவரையும் நான் விரும்பி வாசித்தவன். குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் டொக்டரின் டயறி கையில் இருக்கும்போது, மேசைக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரின் டயறி எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது.

நமது சிறுகதைகளில் வைத்தியசாலை வராமலில்லை. வரும்போதெல்லாம் வைத்தியர் தெய்வமாக இருப்பார், அல்லது காசுப் பேயாக இருப்பார். நோயாளி இருமுவான், கடைசிப் பந்தியில் துணியில் இரத்தம் தெரியும், கதை முடியும். இரத்தம் கண்ணுக்குத் தெரிவது. அதை வாசகனும் நம்புவான், வைத்தியரும் நம்புவார். கண்ணுக்குத் தெரியாத நோயோடு பதினைந்து வருடம் சோறாக்கி, பிள்ளை வளர்த்து, மாதாமாதம் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கும் பெண்ணுக்குக் கதை இல்லை. அவள் சாவதுமில்லை, சுகமாவதுமில்லை. முடிவு இல்லாத பாத்திரத்தை வைத்து என்ன செய்வதென்று நம் படைப்பாளிகளுக்குத் தெரியவில்லை போலும்.

1926இல் வேர்ஜினியா வுல்ஃப் நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காதலைச் சொல்ல ஆங்கிலத்தில் எவ்வளவோ சொல் இருக்க, தலைவலியை வைத்தியரிடம் விளக்கப் போனால் மொழி வற்றிவிடுகிறது என்பது அவரது முறைப்பாடு. 1975இல் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் வலியைக் குறிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கி ஒரு வினாக்கொத்து தயாரித்தார். நோயாளி தனக்குரிய சொல்லைத் தெரிவு செய்யலாம்.

நமக்கு இந்த வறுமை இல்லை. உளைச்சல், கடுப்பு, குத்து, எரிவு, விறைப்பு, இழுவை, குடைச்சல், பிடிப்பு என்று எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள். ஒன்றுக்கு மற்றது ஈடாகாது. கடுப்பைக் குத்து என்று சொன்னால் பக்கத்து வீட்டு உம்மா திருத்துவார். அந்தச் சொற்கள் எங்கே தொலைகின்றன என்பதை நான் சொல்ல முடியும். தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

என் மூத்த ராத்தாவுக்கு உடம்பெல்லாம் நோவு. பெயர் சொல்ல விரும்பாத ஒரு வைத்தியசாலைக்கு அவரோடு துணைக்குப் போனேன். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியும் என்ற பெருமை இருந்தது. "எலும்புக்குள்ள உளையுது தம்பி, வெளிய பார்த்தா ஒண்டும் இல்ல. ராவைக்கு உடுப்பு பட்டாலும் எரியுது" என்றார் ராத்தா. நான் வைத்தியரிடம் "ரிதெனவா" என்றேன். வலிக்கிறதாம். அவ்வளவுதான். இரத்தம் சோதித்தார்கள், எல்லாம் சரி. அடுத்த முறையும் சரி. மூன்றாம் முறை வைத்தியர் கொப்பியை மூடிவிட்டு, யோசனை கூடிப்போச்சு, மனதைச் சந்தோஷமாக வைத்திருக்கச் சொல்லுங்கள் என்றார். அதை மட்டும் நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

உளைச்சலுக்குச் சிங்களத்தில் 'கெக்கும' என்றும், எரிவுக்குத் 'தெவில்ல' என்றும் நல்ல சொற்கள் உண்டு. பல வருடம் கழித்துச் சக சிங்கள ஆசிரியர் ஒருவர்தான் சொல்லித் தந்தார். ஆகவே, பழியை மொழியின் மீது போட்டுத் தப்ப எனக்கு வழியில்லை.

டோல்ஸ்டோயின் 'இவான் இலியீச்சின் மரணம்' 1886இல் வெளிவந்தது. பயிற்சிக் கலாசாலைக் காலத்தில் அதை மரணத்தைப் பற்றிய கதை என்றே வாசித்தேன். இப்போது அதில் ஓரிடம் என்னை விடுவதாயில்லை. இவான் ஒரு நீதிபதி. விலாவில் நோவோடு பெரிய வைத்தியரிடம் போகிறான். அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இது ஆபத்தானதா? வைத்தியருக்கோ அது பொருத்தமற்ற கேள்வி. சிறுநீரகமா, குடலா என்பதே அவரது வழக்கு. தான் நீதிமன்றத்தில் குற்றவாளிகளை எப்படிப் பார்த்தானோ அப்படியே தன்னை இவர் பார்க்கிறார் என்று இவானுக்கு உறைக்கிறது. வைத்தியர் கெட்டவர் என்று டோல்ஸ்டோய் ஓரிடத்திலும் எழுதவில்லை. நம் கதாசிரியர்கள் கற்க வேண்டியது இதைத்தான். காசுப் பேய் வைத்தியரைப் படைப்பது இலேசு. நல்ல வைத்தியர் ஒருவர் காது கொடுக்காத கணத்தை எழுதுவது கடினம்.

அமெரிக்காவின் சார்லட் பேர்கின்ஸ் கில்மன் 1892இல் வெளியிட்ட 'மஞ்சள் சுவர்த்தாள்' கதையில் கணவனே வைத்தியன். மனைவிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறான், எழுதுவதைத் தடுக்கிறான். கில்மனுக்கு 1887இல் வெயர் மிச்சல் என்ற புகழ்பெற்ற நரம்பு வைத்தியர் கொடுத்த ஆலோசனையும் பேனாவைத் தொடாதே என்பதுதான். தொட்டதால் நமக்கு ஒரு கதை கிடைத்தது. நோயாளியே தன் நோயை எழுதும்போது என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் அறியேன்.

எங்கள் மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவவில் விடயம் தலைகீழ். 1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் அங்கும் உண்டு. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளைப் பிடிப்பது அது. ஆரம்பத்தில் உடம்பு ஒன்றும் சொல்லாது. வயலில் நிற்கும் மனிதனிடம் இரத்தச் சோதனைத் துண்டு சொல்லும், உனக்கு நோய் என்று. அவன் நம்ப மறுப்பான். ராத்தாவின் உடம்பு கத்தியது, துண்டு மௌனமாக இருந்தது. இரண்டு இடத்திலும் வென்றது துண்டுதான். அந்த விவசாயியின் விடயத்தில் துண்டு சொன்னது சரி என்பதையும் நான் மறைக்கக் கூடாது. சோதனையை நம்பாதே என்று எழுதுவது ஆபத்தான இலக்கியம். அப்படி எழுதி நாட்டு மருந்துக்கு வக்காலத்து வாங்கும் கதைகளும் நம்மிடம் உண்டு. அவை எனக்கு உடன்பாடில்லை.

ராத்தாவின் நோய்க்குப் பின்னர் வேறொரு வைத்தியர் பெயர் சொன்னார்: ஃபைப்ரோமயால்ஜியா. அதைக் காட்டிக் கொடுக்கும் இரத்தச் சோதனை கிடையாது. 1990இல் அமெரிக்க வாதநோய் வைத்தியர் சங்கம் அதை இனங்காண அளவுகோல் வகுத்தது. 2010இல் திருத்தியபோது நோயாளி சொல்லும் அறிகுறிகளுக்கே கூடிய இடம் கொடுத்தது. அதாவது, இங்கே நோயாளியின் வார்த்தையே சோதனை அறிக்கை. அந்த வைத்தியருக்கும் தமிழ் அரைகுறைதான். ஆனால் ராத்தா கையால் காட்டக் காட்ட, எங்கே, எப்போது, எப்படி என்று இருபது நிமிடம் கேட்டார். நோவு போகவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ராத்தா அழுதார். "பொய் சொல்லல்ல எண்டு இப்பயாவது தெரிஞ்சிச்சே" என்றார். நானும் அவரை முழுக்க நம்பியிருக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள், பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று போன பெருநாளுக்கு அவரிடம் ஒரு கொப்பியும் பேனாவும் கொடுத்தேன். நாலு நாள் கழித்துப் போனபோது முதல் பக்கத்தில் தேதி மட்டும் இருந்தது. விரல் பிடிக்கவில்லையாம். "நான் சொல்றன், நீ எழுது. இந்த முறை சரியா எழுது" என்றார். இதுவரை பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன்.