கும்பிடும் கைகளின் நிறம்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சாமி படம் ஒன்று விழுந்தால் போதும், கும்பிடும் கைகள் வரிசைகட்டி வந்துவிடும். அத்தையுடையது நல்ல கருப்பு, சித்தப்பாவுடையது மாநிறம், பெரியம்மாவுக்கு எப்போதும் மஞ்சள்தான். பெயரைப் பார்க்காமலே ஆள் தெரிந்துவிடுகிறது. அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எமோஜியை அழுத்திப் பிடித்தால் மஞ்சளோடு ஐந்து நிறங்கள் விரியும். 2015இல் எழுத்துக் குறியீட்டுத் தரமான யூனிகோடின் 8.0 பதிப்பு தந்தது இது. வெயிலுக்குத் தோல் கன்றுவதையும் கருப்பதையும் வைத்து, தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்த அளவுகோலே இதற்கு அடிப்படை. அதிலுள்ள ஆறு வகைகளில் வெளிறிய இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். கருப்பின் பக்கம் கை வைக்கவில்லை; நல்ல முடிவு.

உள்ளே நடப்பது இன்னும் அழகு. நிறம் என்பது தனி எழுத்து. 'க'வுக்குப் பின் கால் வந்து ஒட்டுவதுபோல, கைக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். பழைய போனில் ஒட்டாமல், பக்கத்தில் ஒரு நிறக்கட்டமாகத் தனியே நிற்கும்.

2019இல் கைகோத்து நிற்கும் இருவருக்கும் வெவ்வேறு நிறம் தரும் வழி வந்தது. லண்டன் தமிழ்க் குடும்பங்களின் கல்யாண வாழ்த்துகளில் அதற்கு நிறையவே வேலை இருக்கிறது.