டூருக்கும் ஒரு ஷெல்

பாஸ்வேர்ட் ஃபைலில் எனக்குப் பிடித்தது வரியின் கடைசிக் கட்டம்தான். ஆறு கோலன் தாண்டி ஏழாவதாக இருக்கும் அந்தச் சின்னப் பாதை. காலியாக விட்டாலும் சிஸ்டம் முறைக்காது. போர்ன் ஷெல்லைக் கொடுத்து உள்ளே விட்டுவிடும்.

அதன் அருமை தெரிந்தவர்கள் பிஎஸ்டிக்காரர்கள். ஃப்ரீபிஎஸ்டியின் டூர் கணக்கைப் பாருங்கள். ரூட்டின் எழுத்துகளையே திருப்பிப் போட்ட பெயர். அதே பூஜ்ய யுஐடி, அதே அதிகாரம். முழுப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘போர்ன் அகெய்ன் சூப்பர்யூசர்’ என்ற குறும்பு வேறு. பாஸ்வேர்ட் போடும்வரை சும்மா கிடக்கும். விளையாட்டுக்காக வைத்ததல்ல. பாஷ், இசட்எஸ்எச் எல்லாம் அங்கே பேக்கேஜாக வந்து யுஎஸ்ஆர் லோக்கலுக்குள் போய்விடும். ரூட்டின் ஷெல்லை அங்கே மாற்றிவைத்து, ஒருநாள் அந்த ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகாமல் போனால், பழுதுபார்க்க வேண்டிய ஆளே வாசலில் நிற்பார். சிங்கிள் யூசரில் எழுப்பி ஷெல்லின் பாதையைக் கையால் அடிக்க வேண்டியதுதான். அதனால் ஆசைப்பட்ட ஷெல்லை டூருக்குக் கொடு, ரூட்டைத் தொடாதே. சூடோ இருக்க இதெல்லாம் எதற்கு என்பார்கள். பூஜ்யம் இரண்டு முறை வந்தாலே ஆடிட்காரர்களுக்கு வியர்க்கும். இருக்கட்டும். எனக்கு டூர்தான் அழகு. 2023-இல் 14.0 பதிப்பில் ரூட்டின் ஷெல் சிஎஸ்எச்சிலிருந்து எஸ்எச் ஆனதில் டிசிஎஸ்எச் ரசிகர்களுக்கு வருத்தம் இருக்கலாம். எனக்கு இல்லை.

ஷெல்லை மாற்றும் சிஎச்எஸ்எச் கட்டளையின் கண்டிப்பும் எனக்குப் பிடிக்கும். இடிசி ஷெல்ஸில் இல்லாத ஷெல்லுக்குச் சாதாரண யூசரைப் போகவிடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது இருக்கும் ஷெல் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அதைவிட்டு வெளியேறவும் விடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அட்மின் ஒருவருக்குக் கட்டுப்பட்ட ஷெல்லைக் கொடுத்தால், அவர் ஒரே கட்டளையில் கழன்றுகொள்ள முடியாது.

இந்த நாகரிகமெல்லாம் இப்போது யாருக்கு வேண்டும்? பாஷ்ஆர்சியின் கடைசி வரியில் ‘எக்ஸெக் இசட்எஸ்எச்’ என்று எழுதிவிட்டு, எஸ்சிபி ஏன் தொங்குகிறது என்று வந்து கேட்கிறார்கள். அனுப்பிய கட்டளை ஓடுவதற்கு முன்பே பாஷ் வேறு ஷெல்லாக மாறிவிட்டால் தொங்காமல் என்ன செய்யும்? கணக்குகள் எல்டாப்பில் இருக்கும் கிளஸ்டரில் சிஎச்எஸ்எச் செல்லாது, வேறு வழியில்லை என்றால் சரி. அங்கேயும் அந்த வரி பாஷ் ப்ரொஃபைலில் இருக்கட்டும். இது இன்டராக்டிவ் செஷன்தானா, அந்த ஷெல் இந்த மெஷினில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஓடட்டும்.