முகவரியின் பூர்வீகம்

ஈத்தர்நெட் கார்டின் 48 பிட் மேக் முகவரியை டிரைவர் அந்தக் கார்டின் சிறு நினைவகத்திலிருந்து படித்துக்கொள்கிறது. அங்கே வெறும் பூஜ்யங்கள் இருந்தால்? மலிவான போர்டுகளில் இது சகஜம். லினக்ஸ் டிரைவர் கையைப் பிசைவதில்லை. குருட்டாம்போக்கில் ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் அதை ஒளிக்காததுதான் அழகு. முதல் பைட்டின் கடைசி பிட்டை 0 ஆக்கி, இது ஒரே கருவிக்கான தனி முகவரி என்கிறது. அதற்கு முந்தைய பிட்டை 1 ஆக்கி, உற்பத்தியாளர் தந்ததல்ல, உள்ளூரில் வைத்தது என்கிறது. கெர்னலும் தனியே குறித்துக்கொள்கிறது: 0 நிரந்தரம், 1 தற்செயல், 2 இன்னொரு கருவியிடம் 'திருடியது' (கெர்னலே இப்படித்தான் சொல்கிறது!), 3 பயனர் வைத்தது.

வேலை நடந்தால் சரி, பூர்வீகம் எதற்கு என்று கேட்கலாம். தற்செயல் முகவரி ஒவ்வொரு பூட்டிலும் மாறும். மேக் முகவரியை நம்பி ரூட்டரில் ஒதுக்கிவைத்த ஐபி கிடைக்காது. கெர்னலின் குறிப்பு 1 என்று தெரிந்தால்தான் சிஸ்டம்டி என்ற மென்பொருள் அந்தக் கணினிக்கென மாறாத முகவரியைக் கணக்கிட்டு வைக்க முடியும். 0 என்றால் அது தொடுவதேயில்லை. தனியுரிமைக்காக போன்களே வைஃபை முகவரியை மாற்றுகின்றனவே என்பது வலுவான மறுப்புதான். ஆனால் கெர்னல் மாற்றத்தைத் தடுப்பதில்லை; புழங்கும் முகவரி ஓரிடத்தில், நிரந்தர முகவரி வேறிடத்தில். எத்டூல் கட்டளையில் பெரிய எழுத்து 'P' போட்டுக் கேட்டால் பழையது அப்படியே வரும்.