ஒரு தேக்கரண்டி வெந்தயம்

இரவில் ஊறப்போட்ட வெந்தயத்தைக் காலையில் விரலால் எடுத்தால், ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழவழவென்று ஒரு கூழ் படர்ந்திருக்கும். வெந்தயத்தின் மருத்துவக் குணத்தில் பெரும்பங்கு அந்தக் கூழில்தான். காலக்டோமன்னன் என்னும் கரையும் நார்ச்சத்து அது. குடலில் உணவோடு கலந்து அதைக் கெட்டிப்படுத்துவதால், மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் சேரும் வேகம் குறைகிறது. சோறும் இட்லியுமாகச் சாப்பிடும் நமக்கு இது நல்ல துணை.

அதனால் இதை வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியை முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு மதிய, இரவு உணவில் சேர்த்துக் கொடுத்தார்கள். 10 நாளில், சிறுநீரில் வெளியேறும் சர்க்கரை 54 விழுக்காடு குறைந்தது. ஆனால் கொடுத்த அளவு நாளுக்கு 100 கிராம். நம் தேக்கரண்டியில் வருவதோ 4, 5 கிராம். அதையும் மெல்லாமல், இட்லி தட்டுக்கு வருவதற்கு வெகுநேரம் முன்பே வெறும் வயிற்றில் விழுங்கிவிடுகிறோம். உணவோடு கலந்தால்தானே அந்தக் கூழுக்கு வேலை? 10 கிராம் அளவில் நடந்த சிறு ஆய்வுகளிலும் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பொடித்து மாவில் கலப்பது, தோசைக்கு அரைப்பது, களியாகக் கிண்டுவது ஆகியவை இந்த வகையில் விழுங்குவதைவிட அறிவுள்ள வழிகள்.

என்னைக் கவலைப்படுத்துவது வேறு. வெந்தயத்தை நம்பி மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார்கள். சர்க்கரை கூடினாலும் உடனே வலிக்காது. கண்ணும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் கெடும். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டே வெந்தயத்தைத் திடீரெனக் கூட்டினால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவோருக்கு அதன் வீரியத்தை இது கூட்டலாம். கர்ப்பிணிகள் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். எல்லாம் ஒரே பயறுக் குடும்பம்.

இவற்றை நோயாளியே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது நியாயமில்லை. “வீட்டில் வேறென்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு?” என்று மருத்துவர் கேட்க வேண்டும். கேட்ட பிறகு, அதற்காகத் திட்டாமலும் இருக்க வேண்டும். திட்டு வாங்கியவர் அடுத்த முறை வெந்தயத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டார்.