கையொப்பமும் சான்றும்

நூலின் முதற்பக்கத்தில் ஆசிரியர் இடும் கையொப்பத்திற்குப் பொருள் பலவாகும். கவிஞரின் கையொப்பம் அன்பின் அடையாளம். அறிஞரின் கையொப்பம் ஆசியின் அடையாளம். ஊழலை வெளிக்கொணர்ந்த செய்தியாளரின் கையொப்பமோ, 'எழுதியவற்றுக்கு நானே பொறுப்பு' என்னும் உறுதிமொழி. வெளியீட்டு விழாக்களில் அதனைப் பெற வரிசையில் நிற்கும் நாம் இவ்வேற்றுமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

போஃபர்ஸ் வரலாற்றை நோக்குவோம். 1986 மார்ச்சில், 1,437 கோடி ரூபாய்க்குப் பீரங்கிகள் வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி கையூட்டுச் செய்தியை ஒலிபரப்பியது. ஜெனீவாவிலிருந்து சித்ரா சுப்பிரமணியம் திரட்டிய ஆவணங்கள், என். ராமின் உழைப்பும் சேர, 1988 முதல் சென்னையின் 'தி இந்து' நாளிதழில் வெளிவந்தன. 1989இல் அவ்விதழில் அத்தொடர் நின்றபின் அவர் பிற நாளிதழ்களில் எழுதினார். 1993இல் ஒரு நூலும், 2025இல் 'போஃபர்ஸ்கேட்' என்னும் நூலும் தந்தார்.

இவ்வரலாறு முழுதும் பெயர் மறைத்தலின் வரலாறே. பணம் 'லோட்டஸ்', 'துலிப்', 'மான் பிளாங்' என்னும் மறைபெயர்களில் ஒளிந்தது. ஆவணங்களை அளித்தவரும் பெயர் மறைத்தே வாழ்ந்தார். அவர் ஸ்வீடனில் விசாரணைக்குத் தலைமை ஏற்ற காவல் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் என்பது, 2012இல் அவரே வெளிப்பட்டபோதுதான் உலகறிந்தது. அதுவரை செய்தியின் சுமையைத் தாங்கியது செய்தியாளரின் பெயரன்றோ!

இவ்வகை எழுத்தை எவ்வாறு மதிப்பிடுவது? சிலப்பதிகாரம் நமக்கு அளவுகோல் தருகிறது. பாண்டியன் அவையில் கண்ணகி வென்றது கண்ணீரால் அன்று. உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கப் பரலால். அரசி சிலம்பின் பரல் முத்து என்பதும் முன்னரே அவையில் உறுதிப்பட்டிருந்தது. சினம் வழக்கைத் தொடுக்கும். சான்றே அதனை முடிக்கும். பின்னர் மதுரையை எரித்தபோதும் குற்றமற்றோரை விலக்குமாறு அவள் தீக்கு ஆணையிட்டாள்.

அந்த ஆணைதான் புலனாய்வு எழுத்தின் அறம். ராஜீவ் காந்தி கையூட்டுப் பெற்றதற்குச் சான்றில்லை என்று லிண்ட்ஸ்ட்ரோம் கூறினார். மூடி மறைத்தலை அவர் பார்த்திருந்தார் என்றும் குறை சொன்னார். அமிதாப் பச்சன் மீது வீண்பழி சுமத்தப்பட்டதையும் அவரே உரைத்தார். பழியையும் விடுவிப்பையும் ஒரே நாவால் சொல்லும் இந்த நேர்மையை, கொதிப்போடு படிக்கும் வாசகர் எளிதில் விரும்புவதில்லை. ஆயினும் அறிந்ததற்கும் ஐயுற்றதற்கும் இடையே கோடு கிழிக்காத நூல், எத்துணை வீரமுடையதாயினும், வதந்தியின் உடன்பிறப்பே.

இவ்வழக்கில் இந்தியாவில் எவரும் தண்டனை பெற்றிலர். 2004இல் ராஜீவ் காந்தி மீதான கையூட்டுக் குற்றச்சாட்டையும், 2005இல் இந்துஜா சகோதரர் மீதான குற்றச்சாட்டுகளையும் தில்லி உயர்நீதிமன்றம் தள்ளியது. 2011இல் குவத்ரோக்கி மீதான வழக்கும் முடிவுற்றது. நீதிமன்றக் கதவுகள் அடைபட்டபின் எஞ்சுவது நூல். அது தீர்ப்பு ஆகாது, சாட்சியம் ஆகும். சாட்சியத்தைக் கேட்க ஒருவர் வேண்டும். ஆதலின், கையொப்பம் பெற்றவர் முதற்பக்கத்தோடு நின்றுவிடலாகாது. ஆவணங்களை வரிவரியாகப் படித்து, இது மாணிக்கமா முத்தா எனத் தாமே பார்த்தறிதல் வேண்டும். ஆசிரியர் தம் பொறுப்பை ஒப்பமிட்டு ஏற்றுவிட்டார். நம் பொறுப்பு இரண்டாம் பக்கத்தில் தொடங்குகிறது.